கோழிக்குப் பால் பவுடர், குருவிக்கு அலவன்ஸ்

பிரஸ்ஸல்ஸ், 1971 பிப்ரவரி. ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தின் ஆறு நாட்டு விவசாய அமைச்சர்கள் கோட்டும் டையுமாக உட்கார்ந்து விவசாயிகளின் எதிர்காலத்தை அலசும் அறை. கதவு திறக்கிறது. காபி வருகிறது என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. வந்தவை மூன்று பசுமாடுகள். பின்னாலேயே அவற்றை ஓட்டிக்கொண்டு விவசாயிகள், கடுங்கோபத்தில்.

யார்மேல் இவ்வளவு கோபம்? சிக்கோ மான்ஸ்ஹோல்ட் என்ற நெதர்லாந்துக்காரர்மேல். ஐரோப்பிய விவசாயத்தின் சகல அதிகாரமும் கொண்ட கமிஷனர். சரி, ஏதோ ஏ.சி. ரூம் ஆசாமி, சேற்றில் கால் வைக்காதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மனிதர் அசல் விவசாயி. குரோனிங்கன் பக்கத்து விவசாயக் குடும்பம். ஜாவா தீவின் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பி, கடலை வற்றவைத்து எடுத்த நிலத்தில் ஏர் ஓட்டியவர். மாடுகளுக்கும் அவருக்கும் இடையில் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது.

அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். பசி. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் நெதர்லாந்து நகரங்கள் பட்டினி கிடந்தன. ஜனங்கள் துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். சுமார் இருபதாயிரம் பேர் செத்தார்கள். மான்ஸ்ஹோல்ட் அப்போது தலைமறைவு எதிர்ப்பியக்கத்தில் இருந்தார். போர் முடிந்த கையோடு 36 வயதில் அவரைப் பிடித்து விவசாய அமைச்சராக உட்காரவைத்தார்கள். இனிமேல் ஐரோப்பாவில் ஒருத்தனும் பசியோடு தூங்கக்கூடாது என்று முடிவெடுத்தார். நல்ல முடிவு. ஒரே சிக்கல், எங்கே நிறுத்துவது என்று யாரும் முடிவெடுக்கவில்லை.

1958இல் கமிஷனர் ஆனார். எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரு விவசாயக் கொள்கை வகுக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்குக் கெடு 1961 டிசம்பர் 31. நள்ளிரவு நெருங்குகிறது. கோதுமையைப் பற்றியும் பாலைப் பற்றியும் பிரான்ஸும் ஜெர்மனியும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. பார்த்தார்கள். கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள். ஆமாம் சார், நிறுத்தியேவிட்டார்கள். சட்டப்படி அந்த அறையில் டிசம்பர் 31 ஆம் தேதி இரண்டு வாரத்துக்கு நீண்டது. ஜனவரி 14 அன்று ஒப்பந்தம் முடிந்தபோதுதான் அவர்களுக்குப் புத்தாண்டு பிறந்தது.

ஐரோப்பிய கமிஷனின் தலைவர் ஹால்ஸ்டைன் பின்னால் கணக்குச் சொன்னார். 45 கூட்டங்கள், அதில் ஏழு ராத்திரிக் கூட்டங்கள், 5,82,000 பக்கக் காகிதம், மூன்று மாரடைப்பு. பன்றி இறைச்சியின் விலைக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அதிகாரிகளை உலக வரலாறு அதற்கு முன் கண்டிருக்குமா தெரியாது.

இத்தனை கஷ்டப்பட்டுப் பெற்ற பிள்ளையின் ஜாதகம் ரொம்ப சிம்பிள். கோதுமைக்கும் வெண்ணெய்க்கும் அரசாங்கம் ஒரு விலை வைக்கும். சந்தையில் அதற்குக் கீழே போனால் அரசாங்கமே வாங்கிக்கொள்ளும். எவ்வளவு? எவ்வளவு வேண்டுமானாலும். இந்தக் கடைசி இரண்டு சொற்களை எழுதியவர் விவசாயியைப் பார்த்திருக்கலாம். அவர் கையில் புது டிராக்டரும் உரமூட்டையும் கொடுத்துப் பார்த்ததில்லை.

விளைந்தது. அப்படி விளைந்தது. குடோன்கள் நிரம்பின. பத்திரிகைக்காரர்கள் வெண்ணெய் மலை என்றும் ஒயின் ஏரி என்றும் பெயர் வைத்தார்கள். பிற்பாடு, எண்பதுகளில், வெண்ணெய் மட்டும் பத்து லட்சம் டன்னைத் தாண்டியது. குளிர்பதனக் கிடங்குக்கு வாடகை, காவலுக்கு ஆள், இன்ஷூரன்ஸ். யாரும் சாப்பிடாத ஒயினைக் காய்ச்சித் தொழிற்சாலை ஆல்கஹாலாக மாற்றினார்கள். அதற்கும் மானியம்.

மலையைப் பார்த்து முதலில் பயந்தவர் அதை எழுப்பிய மான்ஸ்ஹோல்டேதான். 1968இல் ஒரு திட்டம் போட்டார். சுமார் 50 லட்சம் பேர் விவசாயத்தைவிட்டு வெளியேற வேண்டும், மிச்சமிருப்பவர்கள் பெரிய பண்ணையாக வைத்துக்கொள்ளட்டும், 50 லட்சம் ஹெக்டேரை விவசாயத்திலிருந்து விடுவிக்கலாம். கணக்கு சுத்தமாக இருந்தது. மாடுகள் மீட்டிங்குக்கு வந்தது இந்தக் கணக்குக்காகத்தான்.

அதோடு விட்டாரா? 1972இல் ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்ற அறிக்கையைப் படித்தார். படித்தவர் அடியோடு மாறிவிட்டார். பொருளாதார வளர்ச்சி என்ற பேயைத் துரத்துவதை நிறுத்த வேண்டும், சுற்றுச்சூழல்தான் முக்கியம் என்று கமிஷன் தலைவருக்கே கடிதம் எழுதினார். கொஞ்ச நாளில் அவரே கமிஷன் தலைவரானார். வாழ்நாள் முழுக்க உரத்தைக் கொட்டுங்கள் என்றவர், ரிட்டயர்மென்ட் நெருங்கும்போது புழு பூச்சி பாவம் என்கிறார். அவரைக் கேலி செய்ய மனசு வரவில்லை. தன் தப்பைத் தானே கண்டுபிடித்த அரசியல்வாதி ஐரோப்பாவில் அவ்வளவு மலிவாகக் கிடைக்கிற சரக்கல்ல.

மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. என்ன செய்வது?

1973இல் இரண்டு லட்சம் டன் வெண்ணெயை அடிமாட்டு விலைக்கு சோவியத் யூனியனுக்கு விற்றார்கள். நடப்பது பனிப்போர் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு பக்கம் ஏவுகணையைக் குறிபார்த்துக்கொண்டு, இன்னொரு பக்கம் எதிரியின் ரொட்டிக்கு வெண்ணெய் சப்ளை. பிரிட்டனில் அதே வெண்ணெயைக் கடைவிலைக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்ன திட்டினார்கள் என்பதை அச்சில் ஏற்ற முடியாது.

1976 ஐடியா இன்னும் அபாரம். பால் பவுடர் தேங்கிக் கிடக்கிறதா? தீவனத்தில் இதைக் கட்டாயம் கலந்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். புரதத்துக்கு சோயா இருக்கும்போது, ஏறக்குறைய மூன்று மடங்கு விலையில் பால் பவுடர். கோழிகளுக்கு! ஜெர்மனியில் ஒரு கோழிப்பண்ணை, இந்த விலைக்குத் தீவனம் வாங்க முடியாது என்று மறுத்து, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1977இல் நீதிபதிகள் சட்டத்தைத் தூக்கிக் கடாசினார்கள். ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் மகத்தான தீர்ப்புகளில் ஒன்று, கோழி பால் குடிக்க வேண்டுமா என்பதைப் பற்றியது.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு வாய் பங்கு உண்டு. மலையின் ஒரு சரிவு இந்தியாவுக்கு உதவியாக வந்தது. 1,26,000 டன் பால் பவுடர், 42,000 டன் வெண்ணெய் எண்ணெய், உலக உணவுத் திட்டத்தின் வழியாக. ஓசியில் வந்ததை ஓசியில் கொடுத்தால் உள்ளூர் பால்காரர் காலி என்பது சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்த வர்கீஸ் குரியனுக்குத் தெரிந்திருந்தது. கரைத்துப் பாலாக்கி நகரங்களில் விற்றார், அந்தக் காசில் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கம் கட்டினார். 1970இல் தொடங்கிய ‘ஆபரேஷன் ஃப்ளட்’ அதுதான். அந்தப் பால் போன நான்கு மாநகரங்களில் சென்னையும் ஒன்று. எழுபதுகளில் மெட்ராஸில் நீங்கள் குடித்த காபியில் ஒரு நார்மண்டி மாட்டின் உழைப்பு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. தனக்கே என்ன செய்வதென்று தெரியாத மலையை ஐரோப்பா நமக்குத் தள்ளிவிட்டது, அதைவைத்துக் குரியன் ஐரோப்பாவுக்கே போட்டியைக் கட்டினார்.

எண்பதுகளின் நடுவில் ஐரோப்பிய சமூகத்தின் மொத்த பட்ஜெட்டில் ஏறக்குறைய 70 சதவீதத்தை விவசாயம் தின்றுகொண்டிருந்தது. 1984இல் பாலுக்குக் கோட்டா வைத்தார்கள். ஆனால் அதற்குள் வேறொரு பில் வந்து நின்றது. வேலிப்புதர்கள் போயின, சதுப்புகள் போயின, குருவிகள் போயின. பிரிட்டிஷ் அரசு ஒரு காலத்தில் வேலிப்புதரைப் பிடுங்க மானியம் கொடுத்தது. பிற்பாடு அதே வேலிப்புதரை நட மானியம் கொடுத்தது. ஒரே ஆயுளில் இரண்டையும் வாங்கிய விவசாயி எங்காவது இருந்தால் அவருக்குச் சிலை வைக்கலாம்.

இப்படித்தான் நம் கதாநாயகன் பிறந்தான். பெயர், வேளாண் சுற்றுச்சூழல் திட்டம். பிறந்த ஊர், இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஹால்வர்கேட் என்ற சதுப்பு மேய்ச்சல் நிலம்.

அங்கே மாடு மேய்த்தால் லாபம் குறைவு. தண்ணீரை வடித்துக் கோதுமை போட்டால் ஐரோப்பா உத்தரவாத விலை தரும். இயற்கையைக் காப்பாற்ற 1981இல் பிரிட்டன் போட்ட சட்டம் என்ன சொன்னது தெரியுமா? ஒரு முக்கியமான இடத்தை உழுவதை அதிகாரிகள் தடுத்தால், விவசாயிக்கு நஷ்டமாகும் லாபத்தை அவர்களே ஈடுகட்ட வேண்டும். அதாவது, உழாத விவசாயிக்கு ஒன்றும் கிடையாது. நான் உழப்போகிறேன் என்று கலப்பையைக் காட்டுபவருக்குக் காசு. கோதுமை விளைவிக்க ஒரு சம்பளம், விளைவிக்காமலிருக்க அந்தச் சம்பளத்துக்குச் சமமான ஒரு சம்பளம். இரண்டும் ஒரே வரி கட்டுபவரின் பாக்கெட்டிலிருந்து. மிரட்டலுக்கு ரேட் கார்டு போட்ட முதல் சட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

இந்த அபத்தம் சந்தி சிரித்த பிறகு, 1985இல் வேறு வழியை யோசித்தார்கள். பழையபடி மாடு மேயுங்கள், ஏக்கருக்கு 50 பவுண்டு, அவ்வளவுதான். கலப்பையைக் காட்டத் தேவையில்லை. கிட்டத்தட்ட எல்லா விவசாயிகளும் சேர்ந்துவிட்டார்கள். அதே ஆண்டு இதற்கு இடம்கொடுக்கும் ஒரு ஷரத்தை ஐரோப்பிய விதியிலும் நுழைத்தார்கள். 1992இல் அயர்லாந்துக்காரரான கமிஷனர் ரே மெக்ஷாரி பெரிய சீர்திருத்தம் செய்தபோது, எல்லா உறுப்பு நாடுகளும் இத்தகைய திட்டங்களை நடத்தியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

மெக்ஷாரியின் சீர்திருத்தத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. தானிய மலையைக் குறைக்க, பெரிய விவசாயிகள் நிலத்தில் 15 சதவீதத்தைத் தரிசாகப் போட வேண்டும், அதற்கும் பணம். பறவையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஆனால் பறவைகள் அந்தத் தரிசைப் பார்த்து மகிழ்ந்து குடியேறின. பறவைக்காகவே போட்ட பல திட்டங்களைவிட, பறவையை நினைக்காமல் போட்ட இந்தத் திட்டம் அவற்றுக்கு நல்லது செய்தது. தானிய விலை ஏறியதும் 2008இல் அதை ஒழித்துவிட்டார்கள். பறவைகளுக்கு நோட்டீஸ் எதுவும் போகவில்லை.

இனி வருவது க்ளைமாக்ஸ். பத்து வருடமாக வேளாண் சுற்றுச்சூழல் திட்டங்களுக்குக் கோடி கோடியாகப் பணம் போகிறது. இது வேலை செய்கிறதா என்று யாராவது வயலுக்குப் போய்ப் பார்த்தார்களா?

டேவிட் கிளைன் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் போனார்கள். நெதர்லாந்தில் 78 ஜோடி வயல்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று திட்டத்தில் சேர்ந்து பணம் வாங்கும் வயல், மற்றது அதேபோன்ற சாதாரண வயல். செடி, பறவை, தேனீ எல்லாவற்றையும் எண்ணினார்கள். 2001இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது. செடிகளில் வித்தியாசமில்லை. தேனீக்களும் பூவை மொய்க்கும் ஒருவகை ஈக்களும் சற்றே கூடியிருந்தன. திட்டத்தின் செல்லப்பிள்ளைகளான நீர்க்கரைப் பறவைகள்? நம் பள்ளிக்கரணைக்கும் குளிர்காலத்தில் வருகிற இனமான கருவால் மூக்கன், ஆட்காட்டி வகையறா? மிகப் பரவலான நான்கு இனங்களும் பணம் வாங்கிய வயலில்தான் குறைவாகத் தென்பட்டன!

காரணம் என்னவாக இருக்கலாம் என்று பார்த்தால் சிரிப்பு வரும். திட்டம் சொன்னது, உரத்தைக் குறை, புல்லைத் தாமதமாக அறு. உரம் குறைந்தால் மண்புழு குறையலாம். பக்கத்து வயலில் சாணி உரம் கொழிக்க, மண்புழு நெளிய, பறவை எங்கே போகும்? கொள்கை வகுத்தவர்கள் பறவைக்குத் தங்க அமைதியான இடம் கொடுத்தார்கள். பறவை தேடியது மெஸ் இருக்கிற இடம்.

விவசாயி பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. எந்த வயலைத் திட்டத்துக்குக் கொடுப்பார்? நன்றாக விளையும் முதல்தர நிலத்தையா? நீங்கள் கொடுப்பீர்களா? மூலையில், எப்போதும் ஈரமாக, டிராக்டர் போக முடியாத துண்டு இருக்கிறது பாருங்கள், அதற்கு இயற்கைமேல் திடீரென்று காதல் வந்துவிடும்.

கிளைன் அடுத்து பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் சதர்லாந்தோடு சேர்ந்து ஐரோப்பா முழுக்க யார் யார் என்னென்ன சோதித்திருக்கிறார்கள் என்று தேடினார். 2003இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, 1994 முதல் ஐரோப்பிய ஒன்றியம் சுமார் 2,430 கோடி யூரோ செலவழித்திருந்தது. கிடைத்த மதிப்பீட்டு ஆய்வுகள் 62. அதில் 76 சதவீதம் நெதர்லாந்திலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்தவை. அந்த இரண்டு நாடும் செலவழித்தது மொத்தப் பணத்தில் சுமார் 6 சதவீதம். மிச்சப் பணம் போன நாடுகளில் பறவை வந்ததா வரவில்லையா என்று கேட்ட ஆளே அபூர்வம். அந்த 62இலும் பெரும்பாலானவை திட்டம் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று பார்க்காதவை. டயட்டுக்கு முன்னால் எடை பார்க்காமல், முடித்துவிட்டு இளைத்துவிட்டேன் என்று ஸ்டேட்டஸ் போடும் கேஸ்.

எல்லாமே வெற்று வேட்டு என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் தெற்கு டெவனில் சேர்ல் பன்டிங் என்றொரு மஞ்சள் மூஞ்சிக் குருவி. 1989இல் மிஞ்சியது 118 ஜோடி. அதற்குக் குளிர்காலத்தில் அறுவடைத் தாள்கட்டையில் சிதறிய தானியம் வேண்டும், கோடையில் புல்வெளி வெட்டுக்கிளி வேண்டும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்று முதலில் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். பிறகுதான் விவசாயிகளிடம் பணத்தோடு போனார்கள். 2016இல் ஆயிரம் ஜோடியைத் தாண்டிவிட்டது. ரகசியம் ஒன்றுமில்லை. சாப்பிடப்போகிறவரிடம் மெனுவைக் காட்டிவிட்டுச் சமைத்தார்கள்.

வானம்பாடி கதை வேறு மாதிரி. குளிர்காலக் கோதுமை அடர்ந்து வளர்வதால் அது இறங்கி இரைதேட வழியில்லை. ஹெக்டேருக்கு இரண்டு சின்னத் துண்டை விதைக்காமல் விட்டாலே போதும் என்று ஆராய்ச்சி காட்டியது. விதைக்கும் மெஷினைச் சில நொடி ஆஃப் செய்தால் முடிந்தது. நஷ்டம் சொற்பம், அதற்கும் பணம் உண்டு. ஆனாலும் திட்டத்தில் அதைத் தேர்ந்தெடுத்த விவசாயிகள் கொஞ்சம்தான்.

ஏன்? ராப் பர்ட்டன் என்ற சமூகவியலாளர் 2004இல் எழுதிய கட்டுரையைப் படித்தால் ஒரு வெளிச்சம் கிடைக்கும். விவசாயி ஊரில் மதிக்கப்படுவது பேங்க் பேலன்ஸால் அல்ல, வயலால். கோடு போட்டாற்போல் நேரான விதைப்பு, களையில்லாத பச்சை. ரோட்டோரம் போகிற பக்கத்துப் பண்ணைக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். பளிச்சென்ற கோதுமை நடுவே சொட்டை விழுந்தாற்போல் இரண்டு திட்டு தெரிந்தால், இது வானம்பாடிக்காக என்று போர்டா வைக்க முடியும்? விதை மெஷின் ஓட்டத் தெரியாதவன் என்று பேராகிவிடும். ஐரோப்பாவின் அத்தனை பொருளாதார நிபுணர்களும் நஷ்டத்துக்கு ஈடு கணக்கிட்டார்கள். கௌரவத்துக்கு ஹெக்டேருக்கு எத்தனை யூரோ என்று யாரும் கணக்கிடவில்லை.

இந்தக் கௌரவத்தையே வண்டியில் பூட்டலாம் என்று கண்டுகொண்டவர்களும் இருந்தார்கள். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில் 2000இல் ஒரு ஏற்பாடு வந்தது. 28 பூச்செடிகளின் பட்டியல். உங்கள் புல்வெளியில் அதில் குறைந்தது நான்கு இருந்தால் பணம். எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள். அயர்லாந்தின் க்ளேர் பகுதியில் பர்ரன் என்ற சுண்ணாம்புப் பாறைப் பிரதேசம். அங்கே குளிர்காலத்தில் மாட்டை மலைக்கு ஓட்டுவது வழக்கம். அது முரட்டுப் புல்லை மேய்ந்து தீர்த்தால்தான் வசந்தத்தில் பூ பூக்கும். பிரெண்டன் டன்ஃபோர்ட் விவசாயிகளோடு சேர்ந்து அமைத்த திட்டத்தில் ஒவ்வொரு வயலுக்கும் பத்துக்கு மார்க். மார்க் ஏறினால் பணம் ஏறும். ரொம்பக் குறைந்தால் பூஜ்யம். பூச்செடியைக் களை என்றவர்கள், பக்கத்து வயல் எட்டு வாங்கியிருக்க நமக்கு மட்டும் ஏன் ஆறு என்று கேட்கும் நிலை வந்தது. ரிப்போர்ட் கார்டுக்கு மயங்காத மனிதன் எங்கே இருக்கிறான்?

பிரஸ்ஸல்ஸ் இதையெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டதா? கற்றுக்கொண்டு 2013இல் ‘பசுமையாக்கம்’ கொண்டுவந்தது. நேரடி மானியத்தில் 30 சதவீதத்துக்குப் பச்சை நிபந்தனை. பிறகு நாடுகள் பேரம் பேசின. சின்னப் பண்ணைக்கு விலக்கு, அந்தப் பயிருக்கு விலக்கு, இதுவும் பசுமைக் கணக்கில் சேர்த்தி. வருடத்துக்கு சுமார் 1,200 கோடி யூரோ. 2017இல் ஐரோப்பியத் தணிக்கையாளர்கள் கண்டது: விவசாய நிலத்தில் சுமார் 5 சதவீதத்தில்தான் ஏதாவது மாற்றம் நடந்திருக்கிறது. மிச்ச இடத்தில் பசுமையானது கோப்பின் அட்டை மட்டும்.

அடுத்த முறை கறாராக இருந்தார்கள். விளைநிலத்தில் 4 சதவீதத்தைச் சும்மா விட வேண்டும், இல்லையேல் மானியம் கட். 2023இல் அமல். அமலுக்கு வந்த வருடமே உக்ரைன் போரைச் சொல்லி விதிவிலக்கு கொடுத்தார்கள். 2024 ஜனவரி, பிப்ரவரியில் டிராக்டர்கள் பிரஸ்ஸல்ஸுக்குள் நுழைந்தன. ஐரோப்பிய நாடாளுமன்றக் கட்டடத்தின்மேல் முட்டை பறந்தது. டீசல் விலை, இறக்குமதிப் போட்டி, காகிதத் தொல்லை என்று அவர்களுடைய கோபங்கள் பலவும் நியாயமானவை. எல்லாவற்றிலும் சீக்கிரமாக, செலவில்லாமல் தீர்க்கக்கூடியது எது என்று கமிஷன் தேடியது. மே மாதத்துக்குள் சட்டத்தைத் திருத்தி அந்த 4 சதவீதக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். நாற்பது வருடத்துக்கு நெருக்கமான ஆராய்ச்சி சேர்ந்து வாங்கிக் கொடுத்த விதி, ஒரு வருடம்கூட முழுசாக அமலில் இருந்ததில்லை.